ஐம்பதைத் தொட்ட ஆண்கள் கராவோகேயில் பாட ஏற்ற பழைய ஜப்பானியப் பாடல்கள்

ஜப்பானிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் நாற்பத்தெட்டு வயது அன்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: அலுவலக விருந்து முடிந்ததும் எல்லோரும் கராவோகே அறைக்குச் செல்கிறார்கள்; உடன் வருபவர்களில் பெரும்பாலோர் ஐம்பதுகளில் இருக்கும் ஜப்பானிய ஆண்கள்; ஒவ்வொரு முறையும் ஏதாவதோர் ஆங்கிலப் பாட்டைப் பாடி ஒப்பேற்றுவதில் தமக்கு விருப்பமில்லை; அவர்களுடைய நினைவுகளைத் தொடக்கூடிய பழைய ஜப்பானியப் பாடல்களில், பாட்டுப் பயிற்சி இல்லாத ஓர் ஆண் குரலுக்கு ஏற்றவை எவை?

நேரடியாகச் சொல்வதானால், தெராவோ அகிராவின் ‘ரூபி நோ யுபிவா’, கவாஷிமா எய்கோவின் ‘ஜிதாய் ஒகுரே’, சென் மசாவோவின் ‘கிதாகுனி நோ ஹாரு’ ஆகிய மூன்றையும் முதலில் கேட்டுப் பாருங்கள். இவற்றில் எது உங்கள் குரலில் இயல்பாக உட்காருகிறதோ அதை மட்டும், திரையைப் பார்க்காமலே பாடும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். இருபது பாட்டை அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பவரைவிட, ஒரே பாட்டைத் தன் பாட்டாக ஆக்கிக்கொண்டவருக்குத்தான் அந்த அறையில் மதிப்பு அதிகம். அடுத்த விருந்தில் உங்களைக் கண்டதும் அந்தப் பாட்டின் பெயரைச் சொல்லி அவர்களே ஒலிவாங்கியை நீட்டுவார்கள். ஏன் இந்த மூன்று, இவற்றுக்கு அப்பால் எவை, எவற்றைத் தவிர்ப்பது நல்லது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பழைய ஜப்பானியப் பாட்டு என்றதும் வெளிநாட்டவர் பலர் நேரே என்காவைத் தேடிப் போகிறார்கள். துறைமுகம், பனி, மது, பிரிந்துபோன காதலி ஆகியவற்றைக் குரலை உருட்டியும் நடுங்கவிட்டும் பாடும் அந்த வகை அழகானதுதான். ஆனால் இன்று ஐம்பது வயதில் இருக்கும் ஜப்பானியரின் இளமை அதில் இல்லை. இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒருவர் பிறந்த ஆண்டோடு பதினைந்தைக் கூட்டுங்கள். அந்த ஆண்டை ஒட்டி வந்த பாடல்களே அவருக்கு ஏக்கம் தரும் பாடல்கள். 1960இல் பிறந்தவருக்கு அது 1975. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பாடிய நாட்டார் சாயல் இளைஞர்களின் காலம். 1970இல் பிறந்தவருக்கு 1985. தொலைக்காட்சி இசை நிகழ்ச்சிகளின் காலம். 1975இல் பிறந்தவருக்கு 1990. தொலைக்காட்சித் தொடர்களின் முகப்புப் பாடல்களும் குறுந்தட்டுகளும் ஆண்ட காலம். என்கா இவர்களுக்கு அப்பாவின் பாட்டு. அதைக் கேட்டு இவர்கள் கண்கலங்குவதும் உண்டு. ஆனால் அப்போது நினைவுக்கு வருவது அப்பாவின் முகம். அறையில் இருப்பவர்களின் வயதை ஓரளவு ஊகித்துக்கொண்டு, இந்த இரண்டு ஏக்கங்களில் எதைத் தொடப் போகிறோம் என்று தெரிந்து பாடுவது நல்லது.

இவ்வளவு பேருக்கு ஒரே பாடல்கள் தெரிந்திருப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஆண்டின் கடைசி இரவில் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே ஒளிபரப்பும் கோஹாகு பாட்டுப் போட்டி, 1963இல் 81.4 விழுக்காட்டுப் பார்வையாளர்களைப் பெற்றது. வீட்டுக்கு ஒரு தொலைக்காட்சி, அதன் முன்னால் மூன்று தலைமுறை என்று இருந்த நாட்கள் அவை. 1978 முதல் 1989 வரை வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு டிபிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘தி பெஸ்ட் டென்’ நிகழ்ச்சி, இசைத்தட்டு விற்பனை, வானொலி விருப்பம், நேயர்களின் அஞ்சலட்டைகள் ஆகியவற்றைக் கூட்டி வாரம்தோறும் பத்துப் பாடல்களை வரிசைப்படுத்தியது. பாடகர் வெளியூரில் இருந்தால் அவர் இருக்கும் இடத்திலிருந்தே நேரலையில் பாடவைத்தார்கள். மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பேசிக்கொண்டதும் அதைப் பற்றித்தான். அந்த மாணவர்களே இன்று உங்கள் எதிரில் பீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் துறைத்தலைவர்கள்.

அந்த நிகழ்ச்சியில் தொடர்ந்து 12 வாரங்கள் முதலிடத்தில் இருந்த பாட்டு ‘ரூபி நோ யுபிவா’, அதாவது மாணிக்க மோதிரம். 1981இல் வந்தது, அந்த ஆண்டின் ஜப்பான் இசைத்தட்டு விருதையும் பெற்றது. பாடிய தெராவோ அகிரா முதன்மையாக நடிகர். குரோசாவா அகிராவின் ‘ரான்’ படத்தில் மூத்த மகனாக நடித்தவர் அவரே. இளமையில் ஓர் இசைக்குழுவில் பாஸ் கிட்டார் வாசித்த அனுபவம் அவருக்கு இருந்தது. இந்தப் பாட்டுக்கு மெட்டமைத்ததும் அவர்தான். வரிகள் மத்சுமோதோ தகாஷியுடையவை. பாட்டில் நடப்பது மிகச் சிறிய விஷயம். மங்கிய கண்ணாடிக்கு வெளியே காற்று வீசும் நகரம். பிரியப்போகும் பெண் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றுகிறாள். எனக்குத் திருப்பித் தருவதாயிருந்தால் எறிந்துவிடு என்கிறான் அவன். இரண்டு ஆண்டுகள் போய்விடுகின்றன. தெருவில் பழுப்பு மேலங்கி அணிந்த பெண் யாரைக் கண்டாலும் அவன் கண்கள் அவள் விரலில் அந்தச் சிவப்புக் கல்லைத் தேடுகின்றன. இந்த இரண்டு ஆண்டு வரி வரும்போது ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சேர்ந்து முணுமுணுப்பதை நீங்களே பார்க்கலாம்.

பயிற்சியில்லாத குரலுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைப்பது அரிது. வீச்சு குறுகியது, உச்சத்துக்குப் போய் மூச்சுத் திணற வேண்டியதில்லை, பெரும்பகுதி பேச்சின் சுருதியிலேயே நடக்கிறது. தெராவோ ஒரு சொல்லையும் அழுத்துவதில்லை. ஒலிவாங்கியை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்வதுபோலப் பாட வேண்டும். தாளத்தைத் துரத்தாமல் சற்றே பின்தங்கி வருவதுகூட இந்தப் பாட்டுக்கு அழகுதான். உணர்ச்சியைக் கூட்டிப் பாடினால் மட்டும் கெட்டுவிடும்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது ‘ஜிதாய் ஒகுரே’. காலத்துக்குப் பிந்தியவன் என்று பொருள் கொள்ளலாம். 1986இல் கவாஷிமா எய்கோ பாடியது. வரிகள் அகு யூவுடையவை, இசை மொரிதா கோஇச்சியுடையது. நாளுக்கு இரண்டு கோப்பை மட்டுமே குடிக்கிற ஒருவன்; தொட்டுக்கொள்ள இதுதான் வேண்டும் என்று கேட்காதவன்; ஒலிவாங்கி தன் கைக்கு வந்தால் புன்னகைத்து, தனக்குப் பழகிய ஒரே ஒரு பாட்டைப் பாடிவிட்டு வைத்துவிடுகிறவன். மனைவிக்குக் கண்ணீரைக் காட்டுவதில்லை, பிள்ளைகளிடம் புலம்புவதில்லை, தன் துயரத்தை மதுக்கூடத்தின் மூலையிலேயே விட்டுவிட்டு எழுந்து போகிறான். எடுப்பாகத் தெரியாமல், ஆர்ப்பரிக்காமல், தனக்குப் பொருந்தாததை வலிந்து செய்யாமல், பிறர் மனத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் அப்படியொரு மனிதனாக வேண்டும் என்று பாட்டு ஆசைப்படுகிறது. ஆகிவிட்டேன் என்று சொல்லவில்லை, ஆக வேண்டும் என்றுதான் சொல்கிறது. அதனால்தான் தற்பெருமையாக ஒலிக்காமல் யார் வாயிலும் பொருந்துகிறது.

இது வந்த காலத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிலமும் பங்குகளும் விலையேறத் தொடங்கி, நாடே கைநிறையச் செலவழிக்கப் புறப்பட்ட வேளை அது. அந்த ஆரவாரம் அடங்கிய 1991ஆம் ஆண்டின் கடைசி இரவில் கவாஷிமா கோஹாகு மேடையில் இதைப் பாடினார். 2001இல் தம் 48ஆவது வயதில் அவர் காலமானார். அவருடைய இன்னொரு பாட்டான ‘சாகே தோ நமிதா தோ ஒதோகோ தோ ஒன்னா’ (மதுவும் கண்ணீரும் ஆணும் பெண்ணும்) இதைவிடப் பெயர் பெற்றது. கராவோகேயில் அதிகம் கேட்கக் கிடைப்பதும் அதுவே. ஆனால் அது குரலை உடைத்துப் பாட வேண்டிய பாட்டு. அமைதியான குரல்காரருக்கு ‘ஜிதாய் ஒகுரே’தான் ஏற்றது.

அகு யூவின் பெயரை ஒருமுறை தெரிந்துகொண்டால் பிறகு எங்கும் அவரைச் சந்திப்பீர்கள். 1937இல் அவாஜித் தீவில் பிறந்து 2007இல் மறைந்த இவர் 5,000க்கும் மேற்பட்ட பாடல்களை எழுதியவர். ஒசாகி கியோஹிகோ 1971இல் பாடிய ‘மதா ஆவு ஹி மாதே’, சவாதா கென்ஜி 1977இல் பாடிய ‘கத்தே நி ஷியாகாரே’, யாஷிரோ அகி 1979இல் பாடிய ‘ஃபுனாஉதா’ எல்லாமே இவருடைய வரிகள். ஆண்களுக்கு ஏற்ற இன்னொரு மணியான பாட்டும் இவருடையது: நடிகர் நிஷிதா தோஷியுகி 1981இல் பாடிய ‘மோஷிமோ பியானோ கா ஹிகேதா நாரா’. பியானோ வாசிக்கத் தெரிந்திருந்தால் என் மனத்தில் இருப்பதையெல்லாம் பாட்டாக்கி உனக்குச் சொல்லியிருப்பேன்; ஆனால் என்னிடம் பியானோவும் இல்லை, உனக்குக் கேட்கச் செய்யும் திறமையும் இல்லை என்று ஒருவன் சொல்கிறான். வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ஆண்களின் தலைமுறை ஒன்றுக்கு இது வாக்குமூலம் போன்றது. நிஷிதா 2024இல் மறைந்த பிறகு இந்தப் பாட்டைப் பாடும்போது அவரைப் பற்றி ஒரு சொல் சொல்லித் தொடங்கினால் அறை நெகிழ்ந்துவிடும். மெதுவான பாட்டு என்பதால் மொழி புதிதாகக் கற்பவருக்கும் நாக்குத் தடுமாறாது.

இனி அப்பாவின் பாடல்களுக்கு வருவோம். ‘கிதாகுனி நோ ஹாரு’, வடநாட்டு வசந்தம், 1977இல் வந்தது. எந்தோ மினோரு இசையமைத்தது. பாடிய சென் மசாவோ, ஹொன்ஷூ தீவின் வடகிழக்கில் இவாதே மாநிலத்தைச் சேர்ந்தவர். 1950களிலும் 60களிலும் அந்தப் பகுதியிலிருந்து பள்ளி முடித்த பிள்ளைகள் தனி ரயில்களில் கூட்டங்கூட்டமாக டோக்கியோவின் உவேனோ நிலையத்துக்கு வேலைக்காக வந்து இறங்கினார்கள். நகரத்தில் பருவம் மாறுவதே தெரியாத மகனுக்கு ஊரிலிருந்து அம்மா அனுப்பிய சிறு பொட்டலம் வந்து சேர்கிறது. ஊருக்குத் திரும்பிப் போகலாமா என்று மனம் கேட்கிறது. கடைசிச் சரணத்தில் ஒரு காட்சி: அண்ணனும் அப்பாவைப்போலவே அதிகம் பேசாதவன், அந்த இருவரும் எப்போதாவது சேர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் குடிப்பார்களா? இதற்குமேல் எதையும் பாட்டு விளக்குவதில்லை. ஊரைவிட்டு வந்து வேலை பார்க்கும் யாருக்கும் இந்த வரி போதும். சீன மொழியிலும் பிற ஆசிய மொழிகளிலும் இது பாடப்பட்டுப் பரவியதில் வியப்பில்லை.

தமிழ்க் காதுக்கு இந்தப் பாட்டு எளிதில் பிடிபடும். அதற்கும் காரணம் இருக்கிறது. ஜப்பானியர் ‘யோனாநுகி’ என்று சொல்லும் ஐந்து சுர வரிசையில், அதாவது நான்காவதும் ஏழாவதும் இல்லாத வரிசையில், இது அமைந்திருக்கிறது. ச, ரி, க, ப, த என்று பாடிப் பாருங்கள், நம்முடைய மோகனம். கமகம் வேறு, சங்கதிகள் வேறு, ராகம் என்ற எண்ணமும் அங்கே இல்லை. ஆனாலும் சுரங்கள் அவைதான். சிறு வயதில் மோகனத்தில் ஒரு பாட்டாவது கேட்டு வளர்ந்தவருக்கு மெட்டு இரண்டாவது முறையிலேயே வாயில் வந்துவிடும். தனிமுரா ஷின்ஜி 1980இல் பாடிய ‘சுபாரு’வும் இதே சுரக் குடும்பம். சுபாரு என்பது நாம் கார்த்திகை என்று சொல்லும் விண்மீன் கூட்டம். நிமிர்ந்து நின்று, நெஞ்சு நிறைய மூச்சிழுத்துப் பாட வேண்டிய கம்பீரமான பாட்டு அது. எனக்கு மிகவும் பிடித்ததுதான். இருந்தாலும் புதியவருக்கு நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். அறையில் உள்ள மூத்தவர் ஒருவரின் சொந்தப் பாட்டாக அது இருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம். அவர் பாடுவதற்கு முன்னால் நாம் பாடிவிட்டால் அவருக்கு வேறு பாட்டு இருக்காது.

என்காவில் இன்னொன்று வேண்டுமென்றால் தோபா இச்சிரோவின் ‘கியோதாய்புனே’. 1982இல் வந்தது, அப்பா விட்டுச்சென்ற பழைய படகில் கடலுக்குப் போகும் இரண்டு சகோதரர்களைப் பற்றியது. கரையில் குடிக்கும்போது ஒரே பெண்ணுக்காகப் போட்டி போடுகிறவர்கள், மீன்பிடிக்கும் இடத்தை அடைந்ததும் ஒருவர் மனம் அறிந்து ஒருவர் வேலை செய்கிறார்கள். தோபாவே கப்பலில் வேலை பார்த்தவர் என்பதால் அவர் குரலில் உப்புக் காற்று இருக்கிறது. உரக்கப் பாடும் பழக்கமுள்ளவருக்கு இது நன்றாக வரும். சிறிய மதுக்கூடங்களில், முதலாளியம்மாவே கோப்பை நிரப்பித் தரும் ‘ஸ்நாக்கு’ எனப்படும் இடங்களில், இன்றும் இத்தகைய பாடல்களுக்குத்தான் கைதட்டல். அங்கே முன்பின் தெரியாதவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதால், சற்று முன்னால் இன்னொரு வாடிக்கையாளர் பாடிய பாட்டையோ அதே பாடகரின் வேறொரு பாட்டையோ உடனே தேர்ந்தெடுப்பது மரியாதையன்று.

1970ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் நிறைந்த அறையில் சதர்ன் ஆல் ஸ்டார்ஸ் குழுவின் ‘இதோஷி நோ எரீ’ ஒலித்தால் சேர்ந்து பாடாதவர் இருக்கமாட்டார். 1979இல் குவாதா கெய்சுகே எழுதிப் பாடியது. பத்தாண்டு கழித்து ரே சார்ல்ஸ் ஆங்கிலத்தில் பாடி, ஒரு விஸ்கி விளம்பரத்தின் வழியே மறுபடியும் ஜப்பானெங்கும் ஒலித்தது. குவாதாவின் உச்சரிப்பைப் பின்பற்ற முயலாதீர்கள். அவர் ஜப்பானிய மொழியையே வேற்று மொழிபோலச் சுழற்றிப் பாடுகிறவர். கைஎந்தாய் குழுவின் ‘ஒகுரு கொதோபா’வும் 1979தான், பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பற்றிய புகழ்பெற்ற தொடரின் பாட்டாக வந்ததால் பிரிவுபசாரப் பாட்டாகவே நிலைத்துவிட்டது. உண்மையில் அதை எழுதிய தகேதா தெத்சுயா, தம்மை ஒரு பெண் மறுத்துவிட்டுப் போன அனுபவத்திலிருந்து எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். நகாபுச்சி த்சுயோஷியின் ‘கம்பாய்’ திருமணத்துக்கும் பணிமாற்ற விருந்துக்கும் உரியது. அவருடைய ‘தோம்போ’ (தும்பி) 1988இல் வந்தது. தெற்கேயுள்ள ககோஷிமாவிலிருந்து டோக்கியோவுக்கு வந்தவனின் கசப்பும் வீம்பும் கலந்தது. அதன் சொல்லில்லாத ஓலப் பகுதியை அறையே எழுந்து பாடும் என்பதால், வரிகளில் நீங்கள் தடுமாறினாலும் யாரும் கவனிக்கப்போவதில்லை.

1990களின் பாடல்களில்தான் எச்சரிக்கை தேவை. அதுவரை மதுக்கூடத்தில் நடுவயது ஆண்களின் பொழுதுபோக்காக இருந்த கராவோகே, 1985இல் ஒகாயாமாவில் சரக்குப் பெட்டகம் ஒன்றையே அறையாக மாற்றியதிலிருந்து தனி அறைகளுக்கு இடம்பெயர்ந்தது. மாணவர்களும் பெண்களும் வரத் தொடங்கினார்கள். 1992இல் தொலைபேசித் தடம் வழியாகப் பாடல்களை இறக்கும் கருவிகள் வந்ததும் புதிய பாட்டுகள் உடனுக்குடன் கிடைத்தன. அந்த இளைஞர்களுக்காக வந்த பாடல்களில் பல, ஆண் குரலை உச்சத்தில் நிறுத்துபவை. சாகே அண்ட் அஸ்கா பாடிய ‘சே யெஸ்’ 1991இல் ஒரு தொடரோடு வந்து விற்பனைப் பட்டியலில் 13 வாரங்கள் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் ‘டோக்கியோ லவ் ஸ்டோரி’ தொடருக்காக ஒதா கசுமாசா பாடியது 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. இரண்டும் ஐம்பது வயதுக்காரர்களின் உயிர்நாடி. ஆனால் ஒதாவின் குரல் பெண் குரலின் எல்லையைத் தொடுவது. அவற்றைப் பாடியே தீர வேண்டுமானால் சுருதியை இறக்கிக்கொள்ளுங்கள்.

சுருதியை இறக்குவது குறைவான செயல் என்று நினைக்க வேண்டாம். கராவோகே என்ற ஏற்பாடு தொடங்கியதே அங்கேதான். கோபே நகரின் மதுக்கூடங்களில் பாடுகிறவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துவந்த இனோவே தைசுகேயை, நிறுவனத் தலைவர் ஒருவர் வெந்நீரூற்று ஊருக்குப் போகும் அலுவலகச் சுற்றுலாவுக்கு அழைத்தார். தாம் போக முடியாததால் அந்தத் தலைவர் பாடும் விதத்துக்கு ஏற்ப வாசித்து ஒலிநாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார் இனோவே. அந்த யோசனையே 1971இல் காசு போட்டால் இயங்கும் பெட்டியாயிற்று. 11 பெட்டிகளைச் செய்து கோபே மதுக்கூடங்களில் வாடகைக்கு வைத்தார். டோக்கியோவில் நெகிஷி ஷிகெஇச்சி 1967இலேயே அதைப் போன்ற பெட்டி ஒன்றைச் செய்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருவருமே காப்புரிமை வாங்கவில்லை. பாட்டுப் பழகாத ஒருவரின் தொண்டைக்கு இசை இறங்கிவந்ததுதான் இந்தக் கருவியின் பிறப்பு. இன்றைய கருவியில் ஒரு பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அரைச் சுருதி இறங்கும். 90களின் பாடல்களுக்கு மூன்று அல்லது நான்கு முறை அழுத்திப் பாருங்கள். அதிகம் இறக்கினால் தொடக்க வரிகள் அடித்தொண்டைக்குப் போய்விடும்; ஆகவே பல்லவியின் உச்சத்தையும் முதல் வரியின் தாழ்வையும் இரண்டையும் பாடிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

அந்தப் பத்தாண்டில் தயக்கமின்றிப் பரிந்துரைக்கத்தக்கவை இரண்டு. இனோவே யோசுயியின் ‘ஷொனென் ஜிதாய்’ (சிறுவர் பருவம்), 1990இல் வந்தது. முடிந்துபோன கோடை விடுமுறையைப் பற்றியது. மென்மையான குரலுக்கு ஏற்றது. மற்றது தி பூம் குழுவின் ‘ஷிமா உதா’ (தீவுப் பாட்டு). 1993இல் நாடெங்கும் பரவிய இந்தப் பாட்டை எழுதிய மியாசாவா கசுஃபுமி, பாட்டின் களமான தென்கோடித் தீவு ஒகினாவாவைச் சேர்ந்தவர் அல்லர், யாமனாஷியில் பிறந்தவர். 1945இல் ஒகினாவாப் போரில் மாண்ட மாணவியரின் நினைவகத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதினார். காதல் பிரிவுபோல ஒலிக்கும் வரிகளுக்குள் அந்தச் சாவுகள் இருக்கின்றன; தெரிந்து பாடினால் குரல் தானே அடங்கும். ஒகினாவாவின் சுர வரிசை ச, க, ம, ப, நி. கோயில் நாகசுவரத்தில் மல்லாரி கேட்டவர்கள் அதைக் கம்பீரநாட்டை என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். நடுவில் பிரியாவிடை சொல்லும் பகுதியில் மட்டும் மெட்டு அந்த வரிசையை விட்டு வெளியே வந்து சாதாரண மேற்கத்தியச் சுரங்களுக்கு மாறுகிறது. போரைக் கொண்டுவந்தது ஒகினாவா அல்ல என்பதால் அந்த இடத்தில் அத்தீவின் சுரங்களைப் பயன்படுத்த மனம் வரவில்லை என்று மியாசாவா விளக்கியிருக்கிறார். அந்த மாற்றத்தைக் காதால் உணர்ந்து பாடுகிறவர் ஜப்பானியரிடையேகூடக் குறைவு. நம்மவருக்கு அது இயல்பாகவே தெரியும்.

சோடிப் பாடல்களைப் பற்றிச் சுருக்கமாக. இஷிஹாரா யுஜிரோவும் மகிமுரா ஜுன்கோவும் 1961இல் பாடிய ‘கின்சா நோ கோய் நோ மோனோகதாரி’ இவற்றில் மூத்தது, கண்ணியமானது, எளியது. உடன் பாடும் பெண் தானாக முன்வந்தால் மட்டுமே பாடுங்கள். இளைய பெண் ஊழியரை வற்புறுத்தி எழுப்பும் பழைய வழக்கம் இன்று சரியாகப் பார்க்கப்படுவதில்லை, அது நல்லதே. அதேபோல் சதா மசாஷியின் ‘கன்பாகு செங்கென்’ (1979) கேட்கச் சுவையானது. மணக்கப்போகும் பெண்ணுக்கு நிபந்தனைகளை அடுக்கும் பாட்டு, முடிவில் நெகிழ்கிறது. பிற்பாடு அந்தக் கணவனின் அதிகாரம் போய்விட்டதாக அவரே தொடர்ச்சிப் பாட்டும் எழுதினார். ஆனால் ஒவ்வொரு வரியின் தொனியும் புரிந்து பாடாவிட்டால் நிபந்தனைகள் மட்டுமே காதில் விழும். அலுவலகக் கூட்டத்தில் வேண்டாம்.

கற்கும் முறைக்கு வருகிறேன். ஜப்பானியப் பாட்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அசை நேரம் உண்டு, நெடிலுக்கு இரண்டு, சொல்லின் நடுவிலோ இறுதியிலோ வரும் ‘ன்’ என்ற ஒற்றுக்கும்கூடத் தனி நேரம், பல இடங்களில் தனிச் சுரமே உண்டு. ஆங்கிலம் வழியாகக் கற்கும் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். குறிலும் நெடிலும் இரட்டை ஒற்றும் நம் நாவுக்குப் பிறப்பிலேயே தெரிந்தவை என்பதால், ரோமன் எழுத்தை நம்பாமல் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு குறை: க, த, ப ஆகியவற்றின் வன்மை மென்மை நம் எழுத்தில் தெரியாது. ‘கிதாகுனி’யில் முதல் ‘கி’ வல்லொலி, நடுவில் வரும் ‘கு’ மெல்லொலி. மெல்லொலி வரும் எழுத்துகளின் கீழே சிவப்பு மையால் கோடிட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்தது. ‘த்சு’, ‘ஃபு’ ஒலிகளைப் பாடகரின் வாயிலிருந்தே கேட்டுப் பழகுங்கள்.

வாரநாள் பகலில் கராவோகே அறைகள் மலிவு. தனியாக ஒருவர் போய்ப் பாடுவதை அங்கே யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. தேர்வுப் பலகையில் ஆண்டுவாரியாகப் பாடல்களைத் தேடும் வசதி இருக்கிறது. 1981 என்று தட்டினால் அந்த ஆண்டே விரியும். வழிகாட்டிக் குரல் உள்ள பதிப்பு இருந்தால் முதலில் அதோடு சேர்ந்து பாடுங்கள்; பிறகு அது இல்லாமல். திரையில் வரியின் நிறம் மாறுவதைப் பார்த்துப் பாடினால் எப்போதும் இம்மியளவு தாமதமாகவே நுழைவீர்கள். ஆகவே ஒவ்வொரு சரணத்தின் முதல் சொல்லையாவது மனப்பாடமாக வைத்திருங்கள். மதிப்பெண் தரும் வசதியை வீட்டுப் பயிற்சிபோல இங்கே மட்டும் பயன்படுத்துங்கள். விருந்தில் அது மூத்தவர்களைச் சங்கடப்படுத்தும்.

விருந்தில் முதல் ஆளாகப் பாட வேண்டியிருந்தால் சாகமோதோ கியூவின் ‘உவே வோ முயிதே அருகோ’ போதும். 1961இல் வந்தது, 1963இல் அமெரிக்கப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. எந்த வயதினருக்கும் தெரியும், எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள், நீங்கள் யாருடைய பாட்டையும் எடுத்துக்கொண்டதாக ஆகாது. உங்கள் சொந்தப் பாட்டை, அது ‘ரூபி நோ யுபிவா’வோ ‘ஜிதாய் ஒகுரே’யோ எதுவானாலும், கூட்டத்தின் முதல் உற்சாகம் தணிந்து உரையாடல் மெதுவாகும் இரண்டாவது மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யும் முன் அருகில் இருக்கும் மூத்தவரிடம் இதைப் பாடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அது அவருடைய பாட்டாயிருந்தால் பெரும்பாலும், இரண்டாவது சரணத்தை நான் பாடுகிறேன் என்று அவரே இன்னொரு ஒலிவாங்கியை எடுத்துக்கொள்வார்.